நோயெதிர்ப்புச் செல்களுக்குள் சமிக்ஞை லிப்பிடுகளைப் பின்தொடர்தல்: ஒளிர்வு உணரிகளைக் கையாளும் முறை

துகள்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜ் தன்மீது ஒட்டிய துகளைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும் சில நிமிடங்களில், அந்த இடத்துச் சவ்வின் உட்புற அடுக்கில் உள்ள லிப்பிடுகள் (கொழுப்பு வகை மூலக்கூறுகள்) பலமுறை மாறிவிடுகின்றன. ஒன்று பெருகுகிறது, நொதிகள் அதை வெட்டுகின்றன, வெட்டியதிலிருந்து இன்னொன்று பிறக்கிறது, துகள் உள்ளே சென்று சவ்வு மூடிக்கொண்டதும் முற்றிலும் வேறொன்று அங்கே குடியேறுகிறது. செல்லை நிலைப்படுத்தி எதிர்பொருளால் சாயமேற்றிப் பார்க்கும் வழக்கமான முறை இங்கே அதிகம் உதவுவதில்லை. ஃபார்மால்டிஹைடு முக்கியமாகப் புரதங்களின் அமீன் தொகுதிகளைப் பிணைக்கிறது. பெரும்பாலான லிப்பிடுகள் பிணைக்கப்படாமலேயே சவ்வில் நகர்ந்துகொண்டிருக்கும், பின்னர் சேர்க்கும் சலவைப்பொருள் அவற்றில் ஒரு பகுதியைக் கழுவிக்கொண்டும் போய்விடும். ஆகவே உயிருள்ள செல்லில், நேரம் ஓடும்போதே பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கான கருவிதான் மரபணு வழியாகச் செல்லுக்குள் செலுத்தப்படும் ஒளிர்வு உணரி.

இந்த உணரியின் அமைப்பு எளிமையானது. குறிப்பிட்ட லிப்பிடின் தலைப்பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஒரு டொமைனை (புரதத்தின் தனித்து இயங்கும் பகுதியை) இயற்கைப் புரதம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்து, அதை ஜிஎஃப்பி போன்ற ஒளிரும் புரதத்துடன் இணைக்கிறார்கள். லிப்பிடு இல்லாதபோது உணரி சைட்டோபிளாசத்தில் பரவிக் கிடக்கும். லிப்பிடு தோன்றும் சவ்வில் வந்து குவியும். லிப்பிடு மறைந்ததும் மீண்டும் கலைந்துவிடும். அதாவது இங்கே ஒளியின் அளவு மாறுவதில்லை, ஒளி இருக்கும் இடம் மாறுகிறது. கால்சியம் சாயங்களைக் கையாண்டு பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். செல் முழுவதும் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்ற எண்ணுக்குப் பொருளில்லை. சவ்வுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் இடையிலான பங்கீடுதான் அளவீடு.

இதிலிருந்தே கருவியின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. உணரி பார்ப்பது சைட்டோபிளாசத்தை நோக்கிய சவ்வு அடுக்கில், வேறு எந்தப் புரதமும் பற்றிக்கொள்ளாமல் கைக்கு எட்டும் நிலையில் உள்ள லிப்பிடை மட்டுமே. செல்லில் மொத்தம் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று அது சொல்லாது. அந்த எண்ணிக்கை தேவையென்றால் நிறைநிறமாலைமானியிடம் போக வேண்டும். எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு உணரியிடம் வர வேண்டும்.

எந்த லிப்பிடுக்கு எந்த உணரி

கீழே வரும் பெயர்களில் ‘பிஐ’ என்பது ஃபாஸ்ஃபாட்டிடில்இனோசிடால் என்ற லிப்பிடு, எண்கள் அதில் பாஸ்ஃபேட் ஏறிய இடங்கள். பிளாஸ்மா சவ்வில், அதாவது செல்லின் வெளிச்சவ்வில், உள்ள பிஐ(4,5)பி2 என்ற லிப்பிடை, ஆய்வகப் பேச்சில் சொல்வதுபோல் இனி பிப்2 என்றே குறிப்பிடுகிறேன். இதற்கு 1998 முதல் பயன்பட்டு வருவது பிப்2-ஐ வெட்டும் பிஎல்சி நொதிகளில் ஒன்றான பிஎல்சி-டெல்டா1-இன் பிஹெச் டொமைன். நம்பகமான உணரிதான், ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. பிப்2 வெட்டப்படும்போது வெளிவரும் ஐபி3 என்ற கரையும் மூலக்கூறை இந்த டொமைன் பிப்2-ஐ விடவும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. எனவே உணரி சவ்விலிருந்து கழன்று சைட்டோபிளாசத்துக்கு வந்தால், சவ்வில் பிப்2 குறைந்தது காரணமா, சைட்டோபிளாசத்தில் ஐபி3 பெருகியது காரணமா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நொதியின் விளைவுகள் என்பதால் ‘பிஎல்சி செயல்பட்டது’ என்று சொல்வதற்கு இது போதும். ‘பிப்2 இத்தனை விழுக்காடு குறைந்தது’ என்று எழுதுவதற்குப் போதாது. அந்த இடத்தில் ஐபி3-க்கு அவ்வளவாக மசியாத டப்பி புரதத்தின் டொமைனையும் வைத்து ஒப்பிட வேண்டும்.

பிஐ(3,4,5)பி3, அதாவது பிப்3, நோயெதிர்ப்புச் செல்களில் அதிகம் தேடப்படும் லிப்பிடு. இதற்கு ஏகேடி நொதியின் பிஹெச் டொமைன் மிகவும் பரவலாகப் பயன்படுகிறது. 2000-ஆம் ஆண்டில், நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) போன்று மாற்றப்பட்ட எச்எல்-60 என்ற மனித இரத்தப் புற்றுநோய்ச் செல்களில் இந்த உணரி செல் நகரும் திசையின் முன்விளிம்பில் குவிவதைக் காட்டிய ஆய்வுதான் இதன் புகழுக்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஏகேடி டொமைன் பிப்3-ஐயும் பிஐ(3,4)பி2-ஐயும் ஒன்றுபோலவே பற்றும். ஷிப்1 என்ற ஃபாஸ்ஃபடேஸ் (பாஸ்ஃபேட்டை நீக்கும் நொதி) முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிறது. இந்த நொதி இரத்தச் செல்களில் மிகுந்திருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் மற்றவர்களை விடக் கூடுதலாகவே இருக்கும். தூண்டலுக்குப் பிறகு உணரி சவ்வில் நெடுநேரம் தங்கியிருந்தால், அது பிப்3 நீடிப்பதைக் காட்டுகிறதா, அதன் விளைபொருள் எஞ்சியிருப்பதைக் காட்டுகிறதா என்ற கேள்வி எழும். பிப்3-ஐ மட்டும் பார்க்க பிடிகே அல்லது ஜிஆர்பி1 புரதங்களின் பிஹெச் டொமைன்களையும், பிஐ(3,4)பி2-ஐ மட்டும் பார்க்க டாப்1 புரதத்தின் டொமைனை மும்முறை அடுக்கிய வடிவத்தையும் பயன்படுத்துவது நல்லது. ஒரே ஒரு உணரிக்குத்தான் வசதி இருக்கிறது என்றால், ஏகேடி உணரியின் முடிவை, பிப்3-ஐ உருவாக்கும் நொதியின் பெயரால் ‘பிஐ3-கைனேஸின் விளைபொருள்கள்’ என்று எழுதுவதே நேர்மை.

பிஐ3பி-க்கு இரண்டு தேர்வுகள் உள்ளன: ஃபைவ் (FYVE) டொமைனை இருமுறை அடுக்கியது, அல்லது பி40ஃபாக்ஸ் புரதத்தின் பிஎக்ஸ் டொமைன். இரண்டுமே எண்டோசோம்களிலும் (செல் உள்ளிழுத்த சிறு பைகள்) புதிதாக மூடிய ஃபேகோசோமிலும் (விழுங்கிய துகளைச் சூழ்ந்த பை) தெளிவான வளையங்களாகத் தெரியும். பிஐ4பி-யைப் பொறுத்தவரை பழைய ஆய்வுகளில் ஃபேப்1, ஓஎஸ்பிபி ஆகியவற்றின் பிஹெச் டொமைன்களைக் காண்போம். அவை பிஐ4பி-யுடன் ஆர்ஃப்1 என்ற புரதமும் அருகில் இருந்தால்தான் நன்றாக ஒட்டும், ஆகவே கோல்கை உறுப்பை மட்டுமே காட்டும். அதை நம்பிப் பிளாஸ்மா சவ்வில் பிஐ4பி இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும். லீஜியோனெல்லா பாக்டீரியாவின் சிட்எம் புரதத்திலிருந்து பெறப்பட்ட பி4எம் டொமைன் 2014-இல் வந்த பிறகு, இந்தச் சார்பு இல்லாமல் பிளாஸ்மா சவ்வு, கோல்கை, எண்டோசோம் என எல்லா இடங்களிலும் பார்க்க முடிகிறது.

டைஅசைல்கிளிசராலுக்குப் பிகேசி நொதிகளின் சி1 டொமைன், ஃபாஸ்ஃபாட்டிடிக் அமிலத்துக்கு ஸ்போ20 புரதத்தின் பகுதியுடன் உட்கருவை விட்டு வெளியேற்றும் சமிக்ஞையை இணைத்த வடிவம், ஃபாஸ்ஃபாட்டிடில்செரினுக்கு லாக்டாதெரினின் சி2 டொமைன். இவை மூன்றும் பெரிய சிக்கலில்லாதவை. பிஐ(3,5)பி2 பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. டிஆர்பிஎம்எல்1 அயனிக் கால்வாயிலிருந்து எடுத்த பழைய உணரியின் தேர்ந்துபற்றும் தன்மை மீது அழுத்தமான ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன. டிக்டியோஸ்டீலியம் அமீபாவின் எஸ்என்எக்ஸ்ஏ புரதத்திலிருந்து வந்த புதிய உணரியே இப்போது விரும்பத்தக்கது.

எந்த உணரியைத் தேர்ந்தாலும் அதன் பிறழ்ந்த இரட்டையையும் உடன் வாங்கிவிட வேண்டும். ஏகேடி டொமைனில் 25-ஆவது இடத்து ஆர்ஜினைனைச் சிஸ்டீனாக மாற்றிய வடிவமும், பிஎல்சி-டெல்டா1 டொமைனில் 40-ஆவது ஆர்ஜினைனை மாற்றிய வடிவமும் லிப்பிடைப் பற்றாது. மற்ற எல்லா வகையிலும் அவை அசலைப் போன்றவையே. இந்த இரட்டையும், துகளைச் சுற்றி எழும் சவ்வுக் கிண்ணத்தில் குவிந்தால், நாம் பார்த்துக்கொண்டிருப்பது லிப்பிடை அல்ல.

செல்லைத் தேர்வதில் உள்ள சூட்சுமம்

தொடங்குபவர்களுக்கு ரா 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் வரிசை ஏற்றது. உணரியின் மரபணுவைச் சுமந்த பிளாஸ்மிட்டை (வட்ட டிஎன்ஏவை) ஓரளவு ஏற்றுக்கொள்ளும், துகள்களை ஆர்வமாக விழுங்கும், கண்ணாடியில் நன்றாக ஒட்டும். எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜ்கள் உடலில் உள்ளவற்றுக்கு நெருக்கமானவை என்றாலும், வெளியிலிருந்து வரும் டிஎன்ஏவைச் சைட்டோபிளாசத்தில் கண்டுகொண்டு சிகேஸ்–ஸ்டிங் என்ற எச்சரிக்கைப் பாதை வழியாக விழித்துக்கொள்ளும். உணரியைச் செலுத்திய செயலே செல்லைத் தூண்டிவிட்டால் பிறகு அளப்பது எதை? இவற்றுக்கு லென்டிவைரஸ் வழியாக நிலையாகச் செலுத்துவதோ, மின்துளையிடல் மூலம் எம்ஆர்என்ஏவைச் செலுத்துவதோ மேல். பிளாஸ்மிட் தயாரிப்பில் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சுப்பொருள்) இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் வேலை செய்பவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். மேக்ரோஃபேஜ் அதை மன்னிக்காது.

நியூட்ரோஃபில்களின் வாழ்நாள் குறைவு என்பதால் அவற்றில் மரபணுவைச் செலுத்தி உணரி உருவாகும்வரை காத்திருக்க முடியாது. எச்எல்-60 செல்களில் முதலில் உணரியை நிலைநிறுத்தி, பின்னர் 1.3 விழுக்காடு டிஎம்எஸ்ஓவில் சுமார் 5 முதல் 6 நாட்கள் வளர்த்து நியூட்ரோஃபில் போன்று மாற்றிக்கொள்வது வழக்கம்.

டி செல் ஆய்வில் நுழைபவர்கள் பெரும்பாலும் ஜர்கட் வரிசையைக் கையில் எடுக்கிறார்கள். பிப்3-ஐப் பார்க்க வேண்டும் என்றால் இது மோசமான தேர்வு. ஜர்கட் செல்களில் பிடென், ஷிப்1 என்ற இரண்டு ஃபாஸ்ஃபடேஸ்களுமே இல்லை. பிப்3-ஐ அழிக்க ஆளில்லாததால், எந்தத் தூண்டலும் இல்லாமலேயே அது சவ்வில் நிறைந்திருக்கும், ஏகேடி உணரியும் ஏற்கெனவே சவ்வில் ஒட்டியிருக்கும். எதிர்பொருளால் ஏற்பியைத் தூண்டினாலும் கூடுதலாக நகர உணரி மீதமிருக்காது. அதைக் கண்டு டி செல் ஏற்பி பிஐ3-கைனேஸைத் தூண்டுவதில்லை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. டைஅசைல்கிளிசராலைப் பார்ப்பதற்கு ஜர்கட் தாராளமாகப் போதும். பிப்3-க்கு முதன்மை டி செல்களையோ பிடென் திரும்பச் சேர்க்கப்பட்ட செல்களையோ நாட வேண்டும்.

மங்கலான செல்லே வேண்டும்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் பளிச்சென்று தெரியும் செல்லின் மீது கை போவது இயல்பு. இந்த வேலையில் அந்தச் செல்லைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் உணரியும் லிப்பிடைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதமே. அளவுக்கு மீறி இருந்தால் அது செல்லின் சொந்தப் புரதங்களுக்கு லிப்பிடு கிடைக்காமல் செய்யும், நொதிகள் லிப்பிடை வெட்ட விடாமல் மறைக்கும். பிஐ3பி உணரி மிகுந்த செல்களில் எண்டோசோம்கள் வீங்குவதையும், பிப்2 உணரி மிகுந்த செல்களில் சவ்வின் மடிப்புகளும் ஒட்டுதலும் மாறுவதையும் கண்ணாலேயே காணலாம். இது உயிரியல் சிக்கல்.

இதற்கு மேல் கணக்குச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சவ்வில் பற்றிக்கொள்ள இடம் ஓரளவுதான் உண்டு. மங்கலான செல்லில் உணரியின் பெரும்பகுதி சவ்வுக்குப் போய்விடுவதால் சவ்வு–சைட்டோபிளாச விகிதம் பெரிதாக உயரும். பளிச்சென்ற செல்லில் சவ்வின் இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகும் சைட்டோபிளாசத்தில் உணரி மிச்சமிருக்கும், ஆகவே அதே அளவு லிப்பிடுக்கு விகிதம் சிறிதாகவே நகரும். கட்டுப்பாட்டுக் குழுவையும் மருந்திட்ட குழுவையும் ஒப்பிடும்போது ஒன்றில் சராசரி வெளிப்பாடு சற்றே கூடுதலாக இருந்தால், உயிரியல் வேறுபாடு எதுவும் இல்லாமலேயே ஒரு ‘வேறுபாடு’ பிறந்துவிடும். இதற்கான சோதனை எளிது: ஒவ்வொரு செல்லுக்கும் மொத்த ஒளிர்வை கிடை அச்சிலும் விகித மாற்றத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிகளை இட்டுப் பார்க்க வேண்டும். புள்ளிகள் வலப்புறம் போகப் போக இறங்கினால், விகிதம் மொத்த ஒளிர்வைச் சாராமல் இருக்கும் இடப்பக்கத்துச் செல்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரம்பைச் சோதனையின் தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதிவைத்துவிடுவது நல்லது. முடிவைப் பார்த்த பிறகு வரம்பை நகர்த்தும் ஆசை யாருக்கும் வரும்.

மரபணுவை இயக்கும் வலுவான சிஎம்வி புரோமோட்டருக்குப் பதில் அதன் வெட்டப்பட்ட, வலுக்குறைந்த வடிவத்தைப் பயன்படுத்துவதும், பிளாஸ்மிட் அளவைக் குறைத்து 16 முதல் 24 மணி நேரத்துக்குள் படமெடுத்துவிடுவதும் வெளிப்பாட்டைத் தாழ்வாக வைக்க உதவும்.

படமெடுக்கும் ஏற்பாடு

செல்களை 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி அடித்தளம் கொண்ட தட்டில் முந்தைய நாளே வளர்த்துக்கொள்ள வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் உள்ள ஃபீனால் சிவப்பும் ரைபோஃபிளேவினும் தாமாகவே ஒளிர்பவை. எனவே படமெடுக்கும்போது கால்சியமும் மெக்னீசியமும் கொண்ட ஹேங்க்ஸ் கரைசலில் 20 மில்லிமோலார் ஹெப்பஸ் சேர்த்து, அமில–காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் (pH) மதிப்பை 7.4-இல் நிறுத்திப் பயன்படுத்துவது நன்று. வெப்பநிலை 37 டிகிரி. இது தட்டுக்கு மட்டுமல்ல, லென்சுக்கும் பொருந்தும். எண்ணெய் லென்ஸ் குளிர்ந்திருந்தால் அது தொடும் இடத்துச் செல்களின் வெப்பத்தை உறிஞ்சிவிடும், குவியமும் மெல்ல நழுவிக்கொண்டே இருக்கும். பிப்3 பரிசோதனைக்கு முன் 2 முதல் 4 மணி நேரம் சீரம் இல்லாத ஊடகத்தில் வைப்பது வழக்கம், ஏனெனில் சீரத்தில் உள்ள வளர்ச்சிக் காரணிகளும், மஜ்ஜை மேக்ரோஃபேஜ்களுக்கு இடும் எம்-சிஎஸ்எஃப்-உம் அடிப்படை அளவை உயர்த்தி வைத்திருக்கும்.

துகள் விழுங்குதலுக்குச் சுழல்வட்டு கன்ஃபோகல் நுண்ணோக்கி ஏற்றது. வேகமும் உண்டு, செல்லுக்கு ஒளியால் ஏற்படும் சேதமும் குறைவு. டி செல் எதிர்பொருள் பூசிய கண்ணாடியில் பரவும்போது ஏற்படும் மாற்றங்களை, கண்ணாடியை ஒட்டிய 100 முதல் 200 நானோமீட்டர் ஆழத்தை மட்டும் ஒளியூட்டும் டிர்ஃப் முறையில் பார்ப்பது சிறப்பு. ஆனால் டிர்ஃப் படத்தில் செல் கண்ணாடியோடு நெருங்கினாலே ஒளி கூடும் என்பதால், அங்கே சவ்வுக் குறியீட்டு நிறம் கட்டாயம். 488 நானோமீட்டர் லேசரை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, 5 முதல் 10 நொடிக்கு ஒரு படம் என்ற இடைவெளியில் தொடங்கலாம். எஃப்எம்எல்பி என்ற பாக்டீரியப் பெப்டைடு போன்ற கரையும் தூண்டலுக்குப் பிப்3 சில நொடிகளிலேயே எழுந்துவிடுவதால், அங்கே இடைவெளியை 2 நொடிக்குக் குறைக்க வேண்டியிருக்கும்.

உணரியோடு இரண்டாவது நிறம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மேக்ரோஃபேஜின் சவ்வு மடிப்புகள் நிறைந்தது. ஒளி நுண்ணோக்கியின் பக்கவாட்டுத் தெளிவு 250 நானோமீட்டர் அளவு. சவ்வின் தடிமனோ சுமார் 5 நானோமீட்டர்தான். ஆகவே ஒரே படப்புள்ளிக்குள் சவ்வு இரண்டு மூன்று மடிப்பாகக் கிடந்தால் அந்த இடம் இரண்டு மூன்று மடங்கு பளபளக்கும். லிப்பிடு அங்கே கூடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. துகளைச் சுற்றி எழும் கிண்ணத்தின் விளிம்பு இப்படிப்பட்ட இடம்தான். லின் புரதத்தின் முனையால் சவ்வில் பதிக்கப்பட்ட எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர்புரதத்தை உடன் செலுத்தி, உணரியின் ஒளிர்வை அதன் ஒளிர்வால் வகுத்தால் மடிப்பின் விளைவு நீங்கிவிடும். சைட்டோபிளாசத்தின் தடிமன் மாறுவதைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், எதிலும் ஒட்டாத வெறும் எம்செர்ரி போதும். என் பார்வையில், இந்த இரண்டாவது நிறம் இல்லாமல் வெளியாகும் ‘கிண்ணத்தில் குவிகிறது’ என்ற கூற்றுகளை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஒரு பரிசோதனை, நெருக்கத்தில்

3 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மணிகளை மனித ஐஜிஜி எதிர்பொருள் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, உப்புக்கரைசலில் மும்முறை கழுவிக்கொள்ள வேண்டும். பாலிஸ்டைரீன் மணியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.59, தண்ணீருடையது 1.33, எனவே மணி ஒரு சிறு லென்சாகச் செயல்பட்டு அதற்குப் பின்னால் உள்ள படத்தைச் சிதைக்கும். சிலிக்கா மணி இதில் பரவாயில்லை. எதிர்பொருள் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்கள் ஒளியியல்படி இன்னும் சிறந்தவை, ஆனால் மென்மையானவை. விழுங்கப்படும்போது வடிவம் மாறும். மணியைத் தேர்ந்தால் அதன் நடுக்கோட்டுத் தளத்தில் குவியத்தை வைத்துப் பக்கவாட்டு வளையத்தை அளப்பதே நல்லது.

முதலில் தூண்டல் இல்லாமல் ஒரு நிமிடமாவது படமெடுக்க வேண்டும். அடிப்படைக் கோடு இல்லாத வரைபடத்தால் பயனில்லை. பிறகு மணிகளை மெதுவாகத் தட்டில் விட வேண்டும். எல்லாச் செல்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கச் செய்ய, தட்டை 300 ஜி விசையில் ஒரு நிமிடம் சுழற்றும் முறையும் உண்டு, ஆனால் அதில் முதல் நொடிகள் தவறிப்போகும். மணி தற்செயலாக வந்து ஒட்டும் செல்லுக்காகக் காத்திருந்து, ஒட்டிய நொடியைச் சுழியமாக வைத்து ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே ஒழுங்குபடுத்துவது பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் தரவு மிகவும் கூர்மையாக வரும்.

பிப்2 உணரியுள்ள செல்லில், மணி ஒட்டிய இடத்தில் முதலில் சிறிய உயர்வு தெரியும். கிண்ணம் உயர உயர, ஒளி அதன் இரு கரங்களின் நுனியில் நிற்கும், அடிப்பகுதியோ இருண்டுகொண்டே வரும். சவ்வு மூடும் வேளையில் மணியைச் சுற்றி ஏறக்குறைய எதுவும் இருக்காது, மீதிச் செல்லின் விளிம்பு மட்டும் முன்போலவே ஒளிரும். அதே நேரத்தில் சி1 உணரியைப் பார்த்தால், பிப்2 மறைந்த அந்த இடத்தில் டைஅசைல்கிளிசரால் எழுவது தெரியும். பிஎல்சி வெட்டியதன் நேரடி அடையாளம் இது. பிப்3 உணரி கிண்ணம் முழுவதும் எழுந்து, மூடிய ஓரிரு நிமிடங்களில் அணைந்துவிடும். பிஐ3பி உணரி இதற்கு நேர்மாறானது: கிண்ணம் திறந்திருக்கும்வரை அங்கே தலைகாட்டாது, மூடிய பிறகே ஃபேகோசோமைச் சுற்றி முழு வளையமாகத் தோன்றி, சுமார் 10 நிமிடம் நிற்கும். பிஐ4பி மூடும் கட்டத்தில் மறைந்து, ஃபேகோசோம் முதிரும்போது மீண்டும் வரும். ஃபாஸ்ஃபாட்டிடில்செரின் தொடக்கம் முதல் இறுதிவரை அங்கேயே இருக்கும் என்பதால், லாக்டாதெரின் டொமைனாலான லாக்ட்-சி2 உணரி ஒரு நல்ல ஒப்பீட்டு அளவுகோலாகவும் உதவும்.

இந்த வரிசையில் ‘மூடியது’ என்ற நொடியை ஊகத்தால் வைக்கக் கூடாது. பரிசோதனை முடிந்ததும் தட்டைக் குளிர்வித்து, மனித ஐஜிஜியைப் பற்றும், எம்செர்ரியோடு கலக்காத வேறு நிற எதிர்பொருளைச் சேர்த்தால் வெளியில் உள்ள மணிகள் மட்டும் அந்த நிறம் பெறும். நிறம் பெறாதவை உள்ளே மூடப்பட்டவை.

எண்களாக மாற்றுதல்

ஃபிஜி போன்ற இலவச மென்பொருளே போதும். செல் இல்லாத இடத்தின் பின்னணியை முதலில் கழிக்க வேண்டும். மேக்ரோஃபேஜ்கள் பச்சை நிறத்தில் தாமாகவே ஒளிர்பவை என்பதால், உணரி இல்லாத செல்களின் ஒளிர்வையும் அளந்து அதையும் கழிப்பது முறை. பிறகு கிண்ணத்தின் சராசரி ஒளிர்வை, அதே செல்லில் மணியிலிருந்து தள்ளியிருக்கும் சவ்வின் ஒளிர்வாலோ சைட்டோபிளாசத்தின் ஒளிர்வாலோ வகுத்து, அந்த விகிதத்தை இரண்டாம் நிறத்தின் விகிதத்தால் மீண்டும் வகுக்க வேண்டும். எதனால் வகுத்தோம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும், ஏனெனில் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். செல்லின் உட்கரு பெரிதாக இருந்து சைட்டோபிளாசம் மெல்லிய பட்டையாக இருக்கும் டி செல்லில், சைட்டோபிளாசப் பகுதி என்று குறித்த இடத்தில் சவ்வின் ஒளியும் கசிந்துவிடும். அங்கே பகுதியைச் சிறிதாக, சவ்வை விட்டுத் தள்ளி வரைய வேண்டும். சவ்வு மிகவும் சுருங்கி மடிந்திருக்கும் செல்லில், சவ்வை அளப்பதை விட்டுவிட்டுச் சைட்டோபிளாசத்திலிருந்து உணரி எவ்வளவு வெளியேறியது என்று அளப்பது பெரும்பாலும் நம்பகமானது.

ஒளிமங்கலை (லேசரால் ஒளிர்வு தேய்வதை) சரிபார்க்கவும் வழி உண்டு. உணரி இடம் மாறுகிறதே தவிர உருவாவதோ அழிவதோ இல்லை. ஆகவே செல் முழுவதையும் உள்ளடக்கிய அடுக்குப் படங்களின் கூட்டுத்தொகை மாறாமல் இருக்க வேண்டும். அது சீராக இறங்கினால் லேசரைக் குறைக்க வேண்டும். புள்ளியியலில் ஒரே தட்டில் உள்ள 40 செல்களை 40 தனி மாதிரிகளாக எண்ணாமல், தனித்தனி நாட்களின் பரிசோதனைகளையே மாதிரி எண்ணிக்கையாகக் கொள்ள வேண்டும்.

உணரி சொல்வதை எப்படி உறுதிசெய்வது

பிறழ்ந்த இரட்டை அசையக் கூடாது என்பது முதல் சோதனை. லிப்பிடை வேண்டுமென்றே அழித்தால் உணரி கழல வேண்டும் என்பது இரண்டாவது. பிப்2-க்கு, வெளிக்கரைசலில் கால்சியம் இருக்கும்போது 5 முதல் 10 மைக்ரோமோலார் அயனோமைசின் சேர்த்தால் பிஎல்சி தூண்டப்பட்டு உணரி ஓரிரு நிமிடங்களில் சவ்வை விட்டு வெளியேறும். இதைவிடச் சுத்தமான வழி, ராபாமைசின் சேர்த்தவுடன் பிளாஸ்மா சவ்வுக்கு இழுத்துவரப்படும் ஃபாஸ்ஃபடேஸ். ஏற்பிகளோ கால்சியமோ இதில் தலையிடுவதில்லை. யு73122 என்ற பிஎல்சி தடுப்பான் வேறு பல புரதங்களையும் தாக்கும் என்பதால் அதன் முடிவை மட்டும் நம்பி எதையும் நிறுவ முடியாது.

பிஐ3-கைனேஸ் தடுப்பான்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 100 நானோமோலார் வோர்ட்மேனின், பிப்3-ஐ உருவாக்கும் முதல் வகுப்பு நொதிகளையும், பிஐ3பி-யை உருவாக்கும் விபிஎஸ்34-ஐயும் சேர்த்தே நிறுத்திவிடும். பெரிய துகள்களில் பிப்3 இல்லாமல் கிண்ணம் மூடாது. மூடாத கிண்ணத்தில் பிஐ3பி வரவும் வராது. எனவே வோர்ட்மேனின் இட்ட செல்லில் பிஐ3பி வளையம் இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் ஒருசேர இருக்கும். பிஐ3பி பற்றிய கேள்விக்கு விபிஎஸ்34-ஐ மட்டும் தடுக்கும் விபிஎஸ்34-ஐஎன்1 போன்ற மருந்தே பொருத்தமானது. வோர்ட்மேனின் நீரில் விரைவில் சிதைவதால் கரைசலை அவ்வப்போது புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உணரி எதுவுமே செய்யாமல் நின்றால், லிப்பிடு உருவாகவில்லை என்று எழுதும் முன் நான்கு சாத்தியங்களை வரிசையாக விலக்க வேண்டும். அந்தச் செல்லில் உணரி வேலை செய்கிறதா என்பதை வலுவான தூண்டலால் பார்க்க வேண்டும். சி1 உணரிக்கு, டைஅசைல்கிளிசராலைப் போலவே அதில் ஒட்டும் பிஎம்ஏ என்ற பொருளைச் சேர்த்தால் போதும், லிப்பிடு எதுவும் உருவாகாமலேயே அது சவ்வுக்கு ஓடும். வெளிப்பாடு மிகுதியாக இருந்து சைட்டோபிளாசப் பிரகாசத்தில் சிறு மாற்றம் மூழ்கிவிட்டதா என்று மங்கலான செல்களில் பார்க்க வேண்டும். லிப்பிடைச் செல்லின் சொந்தப் புரதம் ஏற்கெனவே பற்றி வைத்திருக்கிறதா என்பதை, வேறொரு புரதத்திலிருந்து வந்த, இன்னும் இறுக்கமாகப் பற்றும் உணரியால் சோதிக்க வேண்டும். கடைசியாக, தூண்டல் உண்மையிலேயே செல்லை எட்டியதா என்பதைக் கால்சியம் சாயத்தாலோ ஏகேடியின் ஃபாஸ்ஃபேட் ஏற்றத்தாலோ தனியே சரிபார்க்க வேண்டும். இந்த நான்கையும் கடந்த பிறகும் உணரி அசையவில்லை என்றால், அந்த உணரியின் கண்டறியும் எல்லைக்குள் மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று எழுதலாம். அதற்கு அடுத்த கட்டமாக அதே செல்களை நிறைநிறமாலைமானி அளவீட்டுக்கு அனுப்பலாம்.